ஓலை, தாள், திரை: தமிழ் இணையப் பக்கத்தின் நீளமும் அமைப்பும் – தில்லி கோல் மார்க்கெட்டை முன்வைத்து

இணையதளம் அமைப்போர் முன் எழும் முதல் வினாக்களுள் ஒன்று, ஒரு பக்கம் எங்கே முடியவேண்டும் என்பதாகும். ஓலைக்கு நுனி உண்டு. தாளுக்கு விளிம்பு உண்டு. திரையில் உருளும் பக்கத்திற்கு அத்தகைய எல்லை இயல்பாக அமையவில்லை. எனவே முடிவிடத்தை யாரேனும் ஒருவர் தீர்மானித்தாக வேண்டியுள்ளது. வணிகத் தளங்களில் அத்தீர்மானம் வாடிக்கையாளரின் பொறுமையை ஒட்டி அமைகின்றது. இலக்கிய, இலக்கண நூல்களை இணையத்தில் ஏற்றும்போதோ அது ஆய்வுநெறி சார்ந்த சிக்கலாக மாறுகின்றது. பக்கம் என்பது படிப்பதற்குரிய அளவு மட்டுமன்று; மேற்கோள் காட்டுவதற்குரிய முகவரியும் ஆகும். முகவரி நிலையாக இல்லாத நூலைப் படிக்கலாம். சான்றாக எடுத்தாள்வது கடினம்.

1998 முதல் தமிழ் மின்னூலகங்கள் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளை ஓலை, அச்சு ஆகியவற்றின் பின்னணியில் இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழகத்து நூலகங்களிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்த வாசகருக்கே இணையப் பக்கம் மிகுதியும் பயன்பட்டது. ஆதலின் புது தில்லியின் கோல் மார்க்கெட் பகுதி இங்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அப்பகுதியைத் தேர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது அலுவலகக் கோப்புத் தொடர்பானது.

கோல் மார்க்கெட்டும் கோப்புத் தாளும்

கோல் என்னும் இந்திச் சொல்லுக்கு வட்டம் என்பது பொருள். தமிழ்ச் செவிக்கு நேரான கழியை நினைவூட்டும் ஒலி அங்கே வட்டத்தைக் குறிப்பது ஒரு வேடிக்கையே. புதிய தலைநகர் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், 1921ஆம் ஆண்டளவில், சாலைகள் கூடும் வட்டத்தின் நடுவே இச்சந்தைக் கட்டடம் எழுந்தது. சுற்றிலும் நடுவண் தலைமைச் செயலகத்து எழுத்தர்களுக்குரிய குடியிருப்புகள் அமைந்தன. வங்காளிகளோடு சென்னை மாகாணத்தாரும் இக்குடியிருப்புகளில் மிகுதியாக வாழ்ந்தனர். முன்னர் ரீடிங் சாலை எனப்பட்ட மந்திர் மார்க்கில், 1920களில் தோன்றிய மதராசி கல்விச் சங்கத்தின் வழிவந்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி உள்ளது. சாகித்திய அகாதெமியின் விற்பனைப் பிரிவும் அதே சாலையின் சுவாதி கட்டடத்தில் இயங்கிவந்தது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. ஆயினும் சங்க இலக்கியப் பதிப்பு ஒன்றின் குறிப்பிட்ட பக்கத்தைச் சரிபார்க்க விரும்பும் தில்லி வாசகர், பல வேளைகளில் ஊருக்குச் செல்லும் விடுமுறை வரையில் காத்திருக்கவேண்டியிருந்தது. தமிழ்நாடு விரைவு வண்டி கடக்கும் அத்தொலைவே அவருக்கும் நூலுக்கும் இடையிலிருந்த தொலைவு.

தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று வடக்கே சென்ற அத்தலைமுறையினர் பக்கம் பற்றிய ஓர் ஒழுங்கை நாள்தோறும் கையாண்டனர். செயலகக் கோப்பு இரு பகுதிகளை உடையது. ஒன்று கடிதப் போக்குவரத்து. மற்றொன்று குறிப்புப் பகுதி. குறிப்புகள் பச்சைத் தாளில் எழுதப்பட்டன. ஒவ்வொரு குறிப்பிலும் பத்திகள் எண்ணிடப்பட்டன. கீழ்நிலை எழுத்தர் தொடங்கிய எண்வரிசையை மேலுள்ள அலுவலர் தொடர்வது முறை. ‘மேலே 7ஆம் பத்தியில் கூறியவாறு’ என்று ஓர் அலுவலர் எழுதினால், தாள் மாறினாலும், மறுபடி தட்டச்சு செய்யப்பட்டாலும் அச்சுட்டு பழுதுபடாது. பக்கத்திற்கு எண் உண்டு. ஆயினும் வாதத்திற்குரிய முகவரி பத்தியிலேயே இருந்தது. இவ்வழக்கம் இலக்கிய ஆய்வோடு தொடர்பற்றது போலத் தோன்றும். எல்லையற்ற பக்கத்தில் மேற்கோள் காட்டுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு அது எவ்வளவு நெருங்கியது என்பது பின்னர்ப் புலனாகும்.

ஓலையின் நுனி

தமிழ் எழுத்துமரபில் பக்கத்தின் நீளத்தை நெடுங்காலம் வரையறுத்தது பனையோலை. ஓலையின் அகலம் சில விரற்கடையே. நீளமோ ஒரு முழத்தை ஒட்டியும் அமையும். ஆகவே பக்கம் கிடையாக நீண்டது. ஒரு புறத்தில் ஐந்து முதல் பத்து வரிகள் வரை அடங்கும். ஒவ்வொரு வரியும் இன்றைய நூலின் வரியைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளமுடையது. கயிறு கோப்பதற்கான துளையைச் சுற்றி இடம் விடப்பட்டமையால் வரி இயல்பாகவே துண்டுபட்டது. நெடுவரியில் கண் வழிதவறாமல் இருப்பதற்கு அவ்விடைவெளியும் உதவியிருக்கும் எனக் கருதலாம்.

இவ்வமைப்பில் செய்யுளுக்கென்று தனி வடிவம் இல்லை. அடிகள் பிரிக்கப்படாமல் ஓலையின் விளிம்பு வரையில் தொடர்ந்து எழுதப்பட்டன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்பெறாமை பெருவழக்கு. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. அடி எங்கே முடிகின்றது என்பதை எதுகையும் சீர்க்கணக்கும் அறிந்த வாசகரே உணர்ந்துகொண்டார். எண், ஓலையின் இடப்பக்க ஓரத்தில் இடப்பட்டது. அது ஏட்டுக்குரிய எண்ணே அன்றிப் பக்கத்திற்குரியதன்று. ஒரே நூலின் இரு சுவடிகளில் ஏட்டெண் ஒத்திருக்க வாய்ப்பில்லை. எனவே ஏட்டெண்ணைக் கொண்டு மேற்கோள் காட்டும் வழக்கம் வளரவில்லை. அதிகாரம், இயல், பாடல் தலைப்பு, பாடலின் முதற்குறிப்பு ஆகியவையே முகவரிகளாயின. கடிதங்களுக்கும் ஆணைகளுக்கும் ஓலையைச் சுருட்டும் வழக்கம் இருந்தபோதிலும், நூல்களைச் சுருளாக்கும் மரபு தமிழில் வேரூன்றவில்லை. மேலைநாட்டார் தோற்சுருளைக் கைவிட்டுத் தைத்த ஏட்டிற்கு மாறிய வரலாற்றை நன்கறிவர். இணையத்தில் மீண்டும் சுருள் வந்தபோது அவர்களுக்கு அது பழைய பொருளின் மறுவரவாகத் தோன்றியது. தமிழ் நூல்களுக்கோ அது ஏறத்தாழப் புதியது.

அச்சு உண்டாக்கிய பக்கம்

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறு பக்கங்களை உடையது. அச்சில் பக்கத்தின் அளவு தாள், எழுத்தின் உருவளவு, செலவு ஆகிய மூன்றையும் சார்ந்து அமைந்தது. இதனைத் தரங்கம்பாடி அச்சகத்தின் வரலாறு தெளிவாகக் காட்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த தமிழ் எழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிட்டால் கையிருப்புத் தாள் போதாது. ஆகவே சீகன்பால்குவும் உடனிருந்தோரும் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்தனர். பாற்கட்டி வந்த பெட்டிகளின் ஈயமே அதற்குப் பயன்பட்டது என்பர். 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பொருளின் பற்றாக்குறை எழுத்தின் உருவத்தை மாற்றிய நிகழ்ச்சி இது. இணையத்திலும் இதனை ஒத்த நிலை ஒன்று தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் ஓலையில் இல்லாதவற்றைப் பக்கத்தில் அமைத்தனர். ஆறுமுக நாவலர், சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகளால், அடி பிரித்தல், நிறுத்தக்குறியிடல், மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் தருதல் ஆகியன நிலைபெற்றன. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் வெளியிட்ட சாமிநாதையரின் பதிப்புகளில் பக்கத்தின் அடிப்பகுதி தனி உலகமாகவே விரிந்தது. பாடவேறுபாடுகளும் ஒப்புமைப் பகுதிகளும் அங்கே இடம்பெற்றன. மூலத்தைப் படிக்கும் கண், தலையைத் திருப்பாமலே சான்றையும் காண இயன்றது. அடிக்குறிப்பு என்னும் சொல்லே பக்கத்திற்கு அடி உண்டு என்பதைக் கொண்டு பிறந்ததாகும். அடியில்லாத பக்கத்தில் அதனை எங்கே வைப்பது என்னும் சிக்கல் நூறாண்டு கழித்து எழுந்தது.

1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட மலிவுப் பதிப்புகளை இங்குச் சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். அவற்றில் சந்தி பிரித்துச் சொற்கள் தனித்தனியே அச்சிடப்பட்டன. எளிய வாசிப்பே அவர்தம் நோக்கம். ஆயினும் சொற்பிரிப்பு, வரியின் அமைப்பையும் எளிதாக்கியது. இணையத் திரையில் தமிழ் வரி படும் பாட்டைக் காண்போர் இதன் அருமையை உணர்வர்.

இரு தளங்கள், இரு முறைகள்

பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15இல் தொடங்கியபோது தில்லியும் அதில் இடம்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அதனை வழிநடத்தினார். தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த நூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன.

மதுரைத் திட்டத்தின் முறை, நூலை அலகாகக் கொள்வது. சிறு நூலாயின் ஒரே பக்கத்தில் முழுவதும் கிடைக்கும். பெருநூலாயின் காண்டம், பாகம் எனப் பகுக்கப்படும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களும், அத்தலைப்புப் பகுதியைச் சிதைக்காமல் எவரும் பரப்பலாம் என்னும் அறிவிப்பும் இடம்பெறும். அச்சு நூலின் தலைப்பேட்டுக்கு நிகரான ஏற்பாடு இது. ஒரு சொல் நூல் முழுவதிலும் எங்கெங்கே வருகின்றது என்று உலாவியின் தேடல் வசதியைக் கொண்டே காண இயன்றது. சொல்லடைவு இல்லாத நூல்களுக்கு இது பேருதவி. மாறாக, அச்சுப் பதிப்பின் பக்க எண் இம்முறையில் மறைந்துவிடுகின்றது.

தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001 பிப்ரவரி 17இல் தொடங்கிவைக்கப்பட்டது. 2010இல் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறியது. அதன் மின்னூலகம் உரையுடன் கூடிய பல நூல்களுக்கு இதற்கு நேர்மாறான முறையை மேற்கொண்டது. அச்சுப் பக்கமே அங்கே அலகு. பக்க எண் தலையில் காட்டப்படும். அடுத்த பக்கத்திற்குச் செல்ல இணைப்பை அழுத்தவேண்டும். ஆய்வாளர் அச்சு நூலைக் காணாமலே அதன் பக்க எண்ணைத் தரலாம். கோல் மார்க்கெட்டில் இருந்துகொண்டு எழுதுவோருக்கு இது வாய்ப்பான ஏற்பாடே. ஆயினும் தாளின் விளிம்பால் நேர்ந்த வெட்டு, தாள் இல்லாத இடத்திலும் அப்படியே வந்து நிற்கின்றது. உரையின் வாக்கியம் பாதியில் அறுகின்றது. பாடல் ஒரு திரையிலும் அதன் பொழிப்பு மறு திரையிலும் அமைகின்றன. நூல் முழுவதையும் ஒருசேரத் தேடிப்பார்க்க உலாவி மட்டும் போதுவதில்லை.

இவ்விரு முறைகளுள் ஒன்றைத் தவறு என்று ஒதுக்குவதற்கில்லை. முன்னது வாசகருக்கும் சொல்தேடுவோருக்கும் உரியது. பின்னது மேற்கோள் காட்டுவோருக்கு உரியது. ஒரே ஆய்வாளர் காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் நாடுவதைப் பலரிடம் காணலாம். ஈழத்தமிழரின் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கிப் பின்னர்ப் பெரிதும் அச்சுப் பக்கங்களின் ஒளிப்படிகளைத் தந்தது. பக்கம் பற்றிய ஐயம் அதில் எழுவதில்லை. சொல்தேடலுக்கு மட்டும் இடமில்லாமற் போயிற்று.

எழுத்தின் எடை

பக்கத்தின் நீளத்தைத் தொடக்க ஆண்டுகளில் வரையறுத்தது தொலைபேசி வழி இணைப்பின் வேகமே ஆகும். தரங்கம்பாடியில் தாள் எப்படியோ, அப்படியே இங்குப் பைட்டு. திருக்குறளில் 42,194 எழுத்துகள் உள்ளன என்பது பரவலாக வழங்கும் கணக்கு. திஸ்கி குறியேற்றத்தில் ஓர் எழுத்திற்கு ஒன்று முதல் மூன்று பைட்டு வரை போதும். ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 வடிவத்திலோ ககரத்திற்கு மூன்று பைட்டும், கிகரத்திற்கும் கொகரத்திற்கும் ஆறு பைட்டும் தேவை. எனவே இடைவெளிகளை விடுத்தே 1,330 குறளும் ஏறத்தாழ 1,27,000 முதல் 2,53,000 பைட்டு வரை கனக்கும். நொடிக்கு 28,800 பிட்டு, அதாவது 3,600 பைட்டு கடத்தும் இணக்கியில், எத்தடையும் இல்லாவிடினும், அப்பக்கம் வந்துசேர 35 முதல் 70 நொடி வரை ஆகும். தொலைபேசிக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் அதிகாரத்திற்கு ஒரு பக்கம் என 133 ஆகப் பகுத்தோர் மேற்கொண்ட முடிவு நியாயமானதே. இதில் இலக்கியக் கொள்கை ஏதும் இல்லை. எடைக் கணக்கே உண்டு.

இதே எடை விக்கிப்பீடியாவிலும் வெளிப்பட்டது. சில பழைய உலாவிகளால் 32 கிலோபைட்டைக் கடந்த பக்கங்களைச் செவ்வனே தொகுக்க இயலாமற்போனமையால் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவ்வளவு ஓர் எச்சரிக்கை எல்லையாக நின்றது. ஆங்கிலத்தில் அது 32,768 எழுத்துகள். தமிழிலோ எழுத்தின் வகைக்கேற்ப ஏறத்தாழ 5,500 முதல் 10,900 எழுத்துகளே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளைப் பைட்டு அளவைக் கொண்டு பிறமொழிக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு, நீளமானவை என்று முடிவுகட்டுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

உருட்டிப் படிப்பதை வாசகர் ஏற்பரா என்னும் ஐயமும் அக்காலத்தில் உலகெங்கும் நிலவியது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் நீண்ட பக்கங்களை இணைய வடிவமைப்பின் பெருங்குறைகளுள் ஒன்றாக 1996இல் எழுதினார். மறு ஆண்டே, வாசகர் உருட்டப் பழகிவிட்டனர் என்று தம் கருத்தைத் தளர்த்தினார். இணைப்பின் வேகமும் பின்னர்ப் பெருகிற்று. நீளத்திற்கு எதிரான காரணங்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பகுக்கப்பட்ட பக்கங்களோ பெரும்பாலும் பகுக்கப்பட்டவாறே நின்றுவிட்டன. காரணம் மறைந்தபின்னும் வடிவம் நீடிப்பது எழுத்து வரலாற்றில் புதிதன்று.

அகலம் என்னும் சிக்கல்

நீளத்தைப் பற்றிய விவாதத்தில் அகலம் மறக்கப்பட்டது. தமிழ் யாப்பைப் பொறுத்தவரை அகலமே பெரிய சிக்கல்.

நேரிசை ஆசிரியப்பாவில் ஏனைய அடிகள் நாற்சீராக வர, ஈற்றயலடி முச்சீராக வரும். குறள் வெண்பாவின் முதலடி நான்கு சீர். இரண்டாம் அடி மூன்று சீர். எண்சீர் விருத்தத்தின் ஓரடியை நந்நான்கு சீராக மடக்கி, இரண்டாம் பாதியைச் சற்று உள்தள்ளி அச்சிடுவது பதிப்பு மரபு. அவ்வுள்தள்ளல், இது புதிய அடியன்று என்பதைச் சொல்லும் குறியீடு. மேசைக் கணினியின் அகன்ற திரையில் இவையெல்லாம் இடருறவில்லை. 2007க்குப் பின் கைப்பேசி வாசிப்புப் பெருகியது. 2010இல் ஈதன் மார்க்காட் முன்வைத்த, திரைக்கேற்ப வளையும் வடிவமைப்பு முறையும் விரைவில் பரவியது. அம்முறையில் வரி தானே மடங்கும். உரைநடைக்கு அது நன்று. செய்யுளில் நான்காம் சீர் தனியே கீழிறங்கி ஓர் அடிபோல் நிற்கின்றது. முச்சீர் அடி எது, மடங்கிய நாற்சீர் அடி எது என்று மாணவர் மயங்குவர். சாமிநாதையர் காலத்தில் பிரித்த அடிகள் மீண்டும் ஓலையின் நிலைக்குத் திரும்புகின்றன. அன்றைய வாசகரின் யாப்புப் பயிற்சி இன்று இல்லை என்பதே வேறுபாடு. மடங்கிய பகுதி தானே உள்தள்ளி நிற்குமாறு நடைதாளில் ஒரு விதி எழுதுவது எளிது. பல தளங்கள் அதனைச் செய்யவில்லை.

உரைநடையிலும் அகலம் தொல்லை தரும். ‘செயற்படுத்தவேண்டியிருக்கின்றபோதிலும்’ என்பது இருபது எழுத்துகள் கொண்ட ஒரே சொல். அச்சுக்கோப்போர் அத்தகைய சொல்லை வரியின் இறுதியில் இணைப்புக்கோடின்றியே பிரித்தனர். புள்ளியெழுத்து அடுத்த வரியின் தலையில் வராதபடி பார்த்துக்கொண்டனர். உலாவிகள் சொல்லை உடைப்பதில்லை. முழுச்சொல்லையும் கீழே தள்ளும். இரு ஓரங்களும் நேராக அமையவேண்டும் என்று பணித்தால் சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் தோன்றும். தமிழ்த் தளங்களில் வலப்பக்க ஓரத்தை நேராக்காமல் விடுவதே தக்கது. அச்சின் அழகை அப்படியே திரையில் நாடுவோர் இதனை ஏற்கத் தயங்குவர். ஆயினும் பள்ளங்கள் நிறைந்த நேர்த்தியைவிட ஒழுங்கற்ற ஓரம் கண்ணுக்கு இதமானது.

தில்லியின் நெறிமுறைகள்

அரசுத் தளங்களுக்கான நெறிமுறைகளைத் தேசியத் தகவலியல் மையம் வகுத்து 2009இல் வெளியிட்டது. கட்டாயமானவை, அறிவுரையானவை, விருப்பத்திற்குரியவை என அவை தரம் பிரிக்கப்பட்டன. கோல் மார்க்கெட்டின் அரசு ஊழியர் குடியிருப்புகளையும் நிறைத்த அதே தர வரிசை மனப்பாங்கு இங்கும் காணப்படுகின்றது. 2018இலும் 2023இலும் அவை திருத்தம் பெற்றன. பன்னாட்டு அணுகல் வழிகாட்டு நெறிகளின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, 320 படவணு அகலத்திலும் பக்கவாட்டில் உருட்டாமல் உள்ளடக்கத்தைப் படிக்க இயலவேண்டும் என்கின்றது. பார்வைக் குறையுடையோர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பதற்கு இது இன்றியமையாதது. இந்தியப் பிரதமரின் தளம் 2016 மே மாதத்தில் தமிழ் உள்ளிட்ட ஆறு மொழிகளில் தொடங்கப்பட்டது. இவ்வாறு தமிழ்ப் பக்கத்தின் அகலமும் அமைப்பும் ஓரளவு தில்லியிலும் தீர்மானிக்கப்படலாயின. ஆயினும் இந்நெறிமுறைகள் அறிவிப்பையும் படிவத்தையும் மனத்திற்கொண்டு எழுந்தவை. செய்யுளும் உரையும் அடிக்குறிப்பும் கொண்ட பக்கத்திற்கு அவற்றில் வழிகாட்டுதல் இல்லை.

கோப்பு முறையில் அதே மையம் வேறொரு வகையில் நடந்துகொண்டது. அது உருவாக்கிய மின் அலுவலக மென்பொருளில் பச்சைக் குறிப்பு அப்படியே இடம்பெற்றது. வரைவிற்கு மஞ்சள் குறிப்பு அமைந்தது. தாள் போயிற்று, நிறமும் குறிப்பின் எண்வரிசையும் நின்றன. திரை எவ்வளவு அகலமாயினும், பக்கம் எவ்வளவு நீளமாயினும், எண்ணிட்ட குறிப்பைச் சுட்ட இயலும். எழுத்தர்களின் பழைய பழக்கம் பக்கத்தைச் சார்ந்து நிற்காமையால் அது ஊடக மாற்றத்தைத் தாங்கியது.

பத்தி எண்

தமிழ்ச் செய்யுள் நூல்களும் இத்தகைய முகவரியை முன்னரே பெற்றிருந்தன. குறள் எண்ணும் புறநானூற்றுப் பாடல் எண்ணும் எப்பதிப்பிலும் எத்திரையிலும் செல்லும். தொல்காப்பியத்தில் அதிகாரம், இயல், நூற்பா எனச் சுட்டலாம். சொல்லதிகாரத்தில் இளம்பூரணரும் சேனாவரையரும் கொண்ட நூற்பாப் பிரிப்பு ஒன்றல்ல. ஆதலின் உரையாசிரியர் பெயரையும் சேர்த்துக் கூறவேண்டும் என்பது ஒன்றே எச்சரிக்கை. இணையப் பக்கத்தின் நீளம் பற்றிய சிக்கல் செய்யுளுக்கு இதனால் பெரிதும் தீர்ந்துவிடுகின்றது.

துன்பம் உரைநடைக்கே. உரைகள், பதிப்பு முன்னுரைகள், இருபதாம் நூற்றாண்டுக் கட்டுரைகள் ஆகியன பக்க எண்ணையே நம்பியுள்ளன. பக்க எண்ணற்ற நெடும்பக்கத்தில் அவற்றைப் படிக்கும் மாணவர், ஆய்வேட்டில் தளத்தின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு அமைகின்றார். அதனைச் சரிபார்க்க விரும்புவோர் பல்லாயிரம் சொற்களை உருட்டவேண்டியுள்ளது. தளம் பெயர் மாறினாலோ கோப்பு இடம்பெயர்ந்தாலோ அம்முகவரியும் பயனற்றதாகும்.

இதற்கு நல்ல இடைவழி ஒன்றைத் தமிழ் விக்கிமூலம் காட்டியது. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் ஒளிப்படிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக அங்கு வந்துசேர்ந்தன. அச்சுப் பக்கத்தின் ஒளிப்படி ஒருபுறமும் அதன் எழுத்து வடிவம் மறுபுறமும் வைத்து மெய்ப்புப் பார்க்கப்படுகின்றன. பின்னர் அவை இயல்வாரியாகத் தொகுக்கப்பட்டு நீண்ட பக்கமாகத் தோன்றும்போது, அச்சின் பக்க எண்கள் ஓரத்தில் சிறு குறிகளாக நிற்கின்றன. வாக்கியம் அறுவதில்லை, எண்ணும் இழக்கப்படுவதில்லை. மதுரைத் திட்டத்தின் முறையும் இணையப் பல்கலைக்கழகத்தின் முறையும் இங்கே ஒருங்கு கூடுகின்றன. மெய்ப்புப் பணி முடியாத நூல்கள் மிகப் பல என்பதே குறை.

ஆயினும் பக்க எண் ஒரு பதிப்புக்கு மட்டுமே உரியது. இறையனார் களவியல் உரையை எடுத்துக்கொள்ளலாம். நூற்பாக்கள் அறுபதே. முதல் நூற்பாவின் உரையோ மிக நீண்டது; முச்சங்க வரலாறு அதனுள்ளேயே வருகின்றது. தமிழிலக்கிய வரலாற்றில் இவ்வளவு மிகுதியாக மேற்கோளாகிய உரைப்பகுதி வேறொன்று உண்டா என்பது ஐயம். ‘நூற்பா 1, உரை’ என்று சுட்டினால் அது முகவரி ஆவதில்லை. கழகப் பதிப்பின் பக்க எண் வேறு பதிப்பு வைத்திருப்போருக்கு உதவாது. செயலகக் கோப்பின் முறையில், நூற்பா எண்ணையடுத்து உரையின் பத்திகளுக்குத் தொடரெண் இட்டு, ஒவ்வோர் எண்ணையும் இணைப்புக்குரிய இடமாக்கினால், ஒரே பக்கத்தில் முழு உரையும் இருந்தாலும் சுட்டு வழுவாது. அவ்வெண்ணை அச்சுப் பதிப்பிலும் இட்டுக்கொள்ளலாம். முதல் நூற்பாவின் உரைக்கு இதனைச் செய்து முடிக்க ஒருவருக்குச் சில நாட்கள் போதும். ஓலையில் பத்தி இல்லை. பத்திகளைப் பிரித்தவர்கள் பதிப்பாசிரியர்களே. ஆகவே எவருடைய பத்திப் பிரிப்பை எண்ணுக்கு அடிப்படையாகக் கொள்வது என்பதைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் முதலில் ஒருங்கு கூடித் தீர்மானிக்கவேண்டும்.